கேன்சர் என்று தெரிந்த முதல் வாரங்கள்: மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வந்த அன்றே பெரும்பாலான வீடுகளில் இரண்டு காரியம் நடக்கும். ஒருவர் நாளைக்கே ஆபரேஷனுக்குத் தேதி வாங்கப் பார்ப்பார். இன்னொருவர் "கத்தி பட்டால் பரவிடும், நாட்டு மருந்து பார்க்கலாம்" என்பார். நடுவில் நோயாளி உட்கார்ந்திருப்பார். அவரை யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.

என் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது கூடவே இருந்தவள் நான். அதற்கப்புறம் தாராவி, கோலிவாடா, செம்பூர் பக்கம் யார் வீட்டிலாவது இந்தச் செய்தி வந்தால் எனக்கும் ஒரு போன் வருகிறது. ஊரிலிருந்து "டாட்டா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரலாம்னு இருக்கோம், என்ன பண்ணணும்?" என்று கேட்கிறவர்களும் உண்டு. மும்பை பரேலில் இருக்கும் டாட்டா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத்தான் அப்படிச் சொல்வார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். எந்த மருந்து, எந்த ஆபரேஷன் என்பதை உங்கள் டாக்டர் முடிவு செய்வார். அந்த முடிவு வரைக்கும் குடும்பம் எப்படிப் போய்ச் சேருவது என்பதுதான் என் விஷயம்.

இன்றே ஓட வேண்டுமா?

சில நிலைமைகளில் ஓடத்தான் வேண்டும். மூச்சுத் திணறல், நிற்காத ரத்தப்போக்கு, திடீரென்று கால் பலவீனமாகி நடக்க முடியாமல் போவது, அதோடு சிறுநீர் போகாமல் நிற்பது, எதைச் சாப்பிட்டாலும் வாந்தியாகி வயிறு உப்புவது, டாக்டரே 'அக்யூட் லுகீமியா' (வேகமாக முற்றும் ரத்தப் புற்றுநோய்) என்று சொல்லியிருப்பது: இதில் எது இருந்தாலும் பக்கத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு உடனே போங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் மூச்சை விட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கட்டி நேற்று முளைத்ததில்லை. அது எந்த வகை, எங்கே வரைக்கும் போயிருக்கிறது என்று சரியாகத் தெரிந்துகொள்ள ஒன்றிரண்டு வாரம் ஆனால் அது வீண் நேரம் ஆகாது. வீணாவது எது தெரியுமா? வகையே தெளிவாகத் தெரியாமல் அவசரமாக அறுத்துவிட்டு, அப்புறம் பெரிய ஆஸ்பத்திரியில் "முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டுத்தான் ஆபரேஷன் பண்ணியிருக்கணும்" என்று கேட்க நேர்வதுதான். ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் மூன்றும் எந்த வரிசையில் என்பது முக்கியம். அந்த வரிசையை முதல் நாளே சரியாகப் போடத்தான் இத்தனை டெஸ்டும்.

கத்தி பட்டால் பரவும் என்ற பயத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். சதையை எடுத்துப் பார்க்காமல் பெரும்பாலான கேன்சர்களின் வகையை யாராலும் சொல்ல முடியாது. முறையாகச் செய்த பயாப்ஸியால் நோய் பரவும் ஆபத்து மிக மிகக் குறைவு. பயந்துகொண்டு ஆறு மாதம் தள்ளிப் போடுவதில் இருக்கும் ஆபத்து பெரியது.

ஸ்லைடும் பிளாக்கும் கையில் இருக்கட்டும்

இந்தப் பகுதியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள். ஏனென்றால் ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதும் என்று நினைத்து வருகிறவர்கள்தான் அதிகம்.

பயாப்ஸிக்கு எடுத்த சதையை லேப்பில் மெழுகுக்குள் வைத்துப் பதப்படுத்துவார்கள். அதுதான் பிளாக். சின்ன பிளாஸ்டிக் சட்டத்துக்குள் வெள்ளை மெழுகு, அதன் நடுவில் பழுப்பாகச் சதைத் துணுக்கு. அதிலிருந்து மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டியதுதான் ஸ்லைடு. வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கிருக்கும் பேத்தாலஜி டாக்டர்கள் அந்த ஸ்லைடைத் தாங்களே மறுபடி பார்ப்பார்கள். மார்பகம், நுரையீரல், நிணநீர்க் கட்டி போன்றவற்றில் ஐஎச்சி என்ற கூடுதல் பரிசோதனையும் தேவைப்படும். அதைச் செய்ய பிளாக் வேண்டும். பிளாக் இல்லையென்றால் மறுபடி ஊசி, மறுபடி காத்திருப்பு.

அதனால் பயாப்ஸி செய்த லேப்பில் எழுதிக் கொடுத்து ஸ்லைடு, பிளாக் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். "வேறு ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும்" என்று சொன்னாலே போதும், தினமும் நடக்கிற விஷயம்தான் இது. கையில் வாங்கும்போதே ஒன்றைப் பாருங்கள்: பிளாக்கின் ஓரத்தில் எழுதியிருக்கும் எண்ணும் ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணும் ஒன்றா? ஒன்று இல்லையென்றால் அங்கேயே நின்று சரி செய்துகொண்டு வாருங்கள். ஸ்லைடுகளை டிஷ்யூ பேப்பரில் சுற்றிக் கெட்டியான டப்பாவில் வையுங்கள். பிளாக் மெழுகு என்பதால் வெயில் ஆகாது. ரயிலில் சீட்டுக்கு அடியில் தள்ளும் பெட்டியில் போடாமல் தோள்பையில் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

சி.டி., எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன் எடுத்திருந்தால் படத்தோடு, அதைப் பதிவு செய்த சிடி வட்டையும் கேட்டு வாங்குங்கள். டாக்டர்கள் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்க விரும்புவார்கள். இன்னும் எடுக்கவில்லையென்றால், சொந்தக்காரர் யாரோ சொன்னார் என்று நீங்களாகவே பெட் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வர வேண்டாம். எல்லாருக்கும் அது தேவையில்லை. தேவைப்பட்டால் சிகிச்சை பார்க்கப் போகிற ஆஸ்பத்திரியே எழுதிக் கொடுக்கும்.

பெயர் ஒன்றாக இருக்கட்டும்

சின்ன விஷயம் மாதிரி தெரியும். நம் ஆட்களுக்குத்தான் இது பெரிய தலைவலி. ஊர் லேப் ரிப்போர்ட்டில் 'எம். செல்வி'. ஆதாரில் 'செல்வி முருகன்'. ரேஷன் கார்டில் வெறும் 'செல்வி'. மும்பைப் படிவத்தில் முதல் பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர் என்று மூன்று கட்டம். கவுன்ட்டரில் இருப்பவருக்கு இனிஷியல் என்பதே புரியாது. அப்போதைக்கு எதையோ எழுதிவிடுவோம். மூன்று மாதம் கழித்து உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது 'இது வேறு ஆள்' என்று திருப்பி அனுப்புவார்கள்.

ஆதாரில் இருக்கிற பெயரையே, அதே எழுத்துகளோடு, எல்லா இடத்திலும் கொடுங்கள். புதிதாக எடுக்கும் எந்த டெஸ்ட்டிலும் அப்படியே எழுதச் சொல்லுங்கள். பழைய ரிப்போர்ட்டில் வேறாக இருந்தால் லேப்பில் திருத்தித் தரக் கேளுங்கள், இல்லையென்றால் இரண்டு பெயரும் ஒருவரே என்று ஒரு உறுதிப் பத்திரம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மும்பைக்கு வந்துதான் ஆக வேண்டுமா?

ஊரில் இருப்பவர்கள் கேட்டால் நான் முதலில் இதைத்தான் திருப்பிக் கேட்பேன். அடையாறில் 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய கேன்சர் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, கன்னியாகுமரிப் பக்கத்தவர்களுக்குத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. என்று பக்கத்திலேயே நல்ல இடங்கள் உண்டு. சாதாரணமாக வரும் கேன்சர்களுக்குச் சிகிச்சை முறை பெரிய ஆஸ்பத்திரிகளில் ஏறக்குறைய ஒன்றுதான். கீமோ மாதக்கணக்கில் போகும். ஒவ்வொரு முறையும் ரயிலில் ஒரு பகல், ஒரு இரவு என்பது உடம்புக்கும் தாங்காது, பணத்துக்கும் தாங்காது.

அபூர்வமான வகை என்றாலோ, முன்பு பார்த்த சிகிச்சை பலிக்காமல் போயிருந்தாலோ, பார்த்துக்கொள்ள மும்பையிலேயே உறவு இருந்தாலோ வருவதில் அர்த்தம் உண்டு. வெறும் இரண்டாவது கருத்துதான் வேண்டும் என்றால், டாட்டா மெமோரியலோடும் தேசியப் புற்றுநோய் கூட்டமைப்போடும் சேர்ந்து நடக்கும் நவ்யா என்ற ஆன்லைன் சேவை இருக்கிறது. ரிப்போர்ட்டுகளை ஏற்றினால் நிபுணர்களின் கருத்து எழுத்தில் வரும். இங்கே ஒரு முறை வந்து சிகிச்சைத் திட்டத்தை எழுதி வாங்கிக்கொண்டு, கீமோவை ஊர்ப் பக்கம் தொடர்கிறவர்களும் நிறைய. "அப்படிச் செய்யலாமா?" என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

நோயாளியிடம் யார், எப்படிச் சொல்வது

"அம்மாவுக்குத் தெரியக் கூடாது" என்று டாக்டர் அறை வாசலிலேயே கையைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அன்பால்தான் செய்கிறார்கள். ஆனால் பரேலில் இறங்கி டாட்டா ஆஸ்பத்திரி வாசலுக்குக் கூட்டிப் போகிற நொடியிலேயே விஷயம் தெரிந்துவிடும். மும்பைத் தமிழர் யாருக்கும் அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை.

பெரியம்மாவிடம் நாங்கள் முதலில் 'சாதாரணக் கட்டி' என்றே சொல்லி வந்தோம். காய்கறிக் கூடை சுமந்த காலத்தில் கற்ற இந்தியில், ஓ.பி.டி. என்ற வெளிநோயாளிப் பிரிவின் பெஞ்சில் பக்கத்தில் இருந்த சோலாப்பூர் அம்மாவிடம் பேசியே எல்லாவற்றையும் தெரிந்துகொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து சாப்பிட்ட பிறகு, "கீமோன்னா முடி கொட்டுமாமே, அந்த அம்மாவுக்கும் மாருலதானாம்" என்றார், சாதாரணமாக. அதற்கப்புறம் அந்த வீட்டில் ரகசியம் பேச ஆள் தேவைப்படவில்லை. அவரே டாக்டரிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

தெரியாமல் வைப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஏன் இவ்வளவு வாந்தி, ஏன் இந்த ஊசி என்று தெரியாதவர் பாதியில் "போதும், ஊருக்குப் போகலாம்" என்பார். சொத்து, நகை, பிள்ளை கல்யாணம் என்று மனசில் இருப்பதைச் சொல்லவும் அவருக்கு வாய்ப்பு இல்லாமல் போகும்.

எப்படிச் சொல்வது? வீட்டில், அவசரம் இல்லாத நேரத்தில், அவருக்கு நெருக்கமான ஒருவர் உட்கார்ந்து பேசட்டும். முதலில் கேளுங்கள்: "டாக்டர் சொன்னதுல உங்களுக்கு என்ன புரிஞ்சது?" பாதிப் பேர் தாங்களே சொல்லிவிடுவார்கள். பிறகு 'கேன்சர்' என்ற வார்த்தையை ஒரு முறையாவது தெளிவாகச் சொல்லுங்கள். உடனே அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்பதையும் சொல்லுங்கள்: "செவ்வாய்க்கிழமை ஸ்கேன், அதுக்கப்புறம் டாக்டர் மருந்து முடிவு பண்ணுவார், நான் கூட வர்றேன்." முழுதாகக் குணமாகிவிடும் என்று உங்களுக்கே தெரியாத வாக்குறுதி வேண்டாம். சிலர் "எனக்கு எதுவும் சொல்லாதே, நீயே பார்த்துக்கோ" என்பார்கள். அதுவும் அவர் உரிமைதான். ஆனால் அதை அவர் வாயால் சொல்லட்டும்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கும் சொல்ல வேண்டும். பாட்டிக்கு கேன்சர், அது ஒட்டிக்கொள்ளாது, நீ செய்த எதனாலும் வந்ததில்லை, இந்த மூன்றும் போதும். கூடவே ஒரு வேண்டுகோள்: இந்தி நன்றாகத் தெரியும் என்பதற்காகப் பள்ளிப் பிள்ளையை டாக்டர் அறைக்குள் மொழிபெயர்க்க அழைத்துப் போகாதீர்கள். தன் அம்மாவின் நோயை அம்மாவுக்கே மொழிபெயர்த்துச் சொல்லும் சுமை ஒரு குழந்தைக்கு வேண்டாம்.

டாட்டாவில் முதல் நாள்

பெயரைப் பார்த்துத் தனியார் ஆஸ்பத்திரி என்று நினைக்கிறவர்கள் உண்டு. டாட்டா அறக்கட்டளை இதை 1941-இல் தொடங்கியது. 1962 முதல் மத்திய அரசின் அணுசக்தித் துறையின் கீழ் இருக்கிறது. கட்டணம் குறைவாக இருப்பதற்கும், இந்தியா முழுக்க இருந்து கூட்டம் வந்து வெளி நடைபாதை வரை நிறைந்திருப்பதற்கும் அதுதான் காரணம். நவி மும்பை கார்கரில் இருக்கும் ஆக்ட்ரெக்கும் இதே அமைப்பைச் சேர்ந்ததுதான். சில டெஸ்ட்டுகளுக்கும் சிகிச்சைக்கும் அங்கே அனுப்பினால் திகைக்க வேண்டாம்.

புதிய நோயாளிப் பதிவை இணையத்திலேயே செய்யலாம், நேரிலும் செய்யலாம். ஜெனரல், பிரைவேட் என்று இரண்டு வகை உண்டு. ஜெனரலில் செலவு பல மடங்கு குறைவு, காத்திருப்பு அதிகம். டாக்டர்கள் குழு ஒன்றுதான், சிகிச்சைத் திட்டமும் ஒன்றுதான். சிகிச்சை மாதக்கணக்கில் போகும் என்பதை மனசில் வைத்து முடிவு செய்யுங்கள். முதல் நாள் கையில் காசு இருக்கிறது என்று பிரைவேட்டில் போட்டுவிட்டு நாலாவது கீமோவில் திணறுகிற குடும்பங்கள் உண்டு.

பதிவானதும் ஒரு ஃபைல் எண் தருவார்கள். இனி எல்லாம் அந்த எண்தான். வீட்டில் எல்லார் போனிலும் போட்டு வையுங்கள். முதல் நாள் முழுக்க அங்கேயே போய்விடும் என்று தயாராக வாருங்கள்: தண்ணீர், சாப்பாடு, போன் சார்ஜர், வழக்கமாகச் சாப்பிடும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள், அவற்றின் பெயர் எழுதிய சீட்டு. வாசலில் "சீக்கிரம் டாக்டரைப் பார்க்க வைக்கிறேன்" என்று யாராவது ஒட்டிக்கொண்டால், அவர் தமிழ் பேசினாலும் சரி, விலகிப் போங்கள். தட்கால் டிக்கெட் மாதிரி வாங்கிக் கொடுக்கிற விஷயம் இங்கே எதுவும் கிடையாது.

இந்தி தெரியாமல் வருகிறவர்கள் நாலைந்து சொல்லாவது கற்றுக்கொள்ளுங்கள். புகார் என்றால் காய்ச்சல், உல்டி வாந்தி, தர்த் வலி, சக்கர் தலைசுற்றல், கப்ஜ் மலச்சிக்கல். நர்ஸ் கேட்கும் முக்கால்வாசிக் கேள்வி இவற்றுக்குள் அடங்கும்.

டாக்டர் அறைக்குள் போகும் முன் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே கிடைக்கும் நேரம் குறைவு, பதற்றத்தில் எல்லாம் மறந்துபோகும். என் பட்டியல் இது: எந்த இடத்துக் கேன்சர், எந்த வகை? எந்த ஸ்டேஜ், எங்கேயாவது பரவியிருக்கிறதா? சிகிச்சையின் நோக்கம் குணப்படுத்துவதா, கட்டுப்படுத்தி வைப்பதா? எந்தச் சிகிச்சை முதலில், மொத்தம் எத்தனை மாதம்? செலவு எவ்வளவு வரும்? ராத்திரி உடம்பு முடியவில்லை என்றால் எங்கே வர வேண்டும்? இளம் வயதினர் என்றால் இன்னொன்றும் சேர்க்க வேண்டும்: பின்னால் குழந்தை பெறுவது பாதிக்கப்படுமா, கருமுட்டையோ விந்தணுவோ முன்கூட்டியே சேமிக்க வேண்டுமா? இதைக் கீமோ தொடங்கும் முன்னால்தான் செய்ய முடியும். நம் வீடுகளில் வெட்கப்பட்டு விட்டுவிடுகிற கேள்வி இது.

சர்ஜன், கீமோ டாக்டர், ரேடியேஷன் டாக்டர் எல்லாரும் சேர்ந்து முடிவெடுக்கும் கூட்டத்தை ஜாயின்ட் கிளினிக் என்பார்கள். அதற்கு அனுப்பினால் 'கேஸ் கஷ்டம் போலிருக்கிறது' என்று பயப்படாதீர்கள். நல்ல முடிவு வருவதற்கான வழி அதுதான்.

பணம்: சிகிச்சைக்கு முன்னால் கேட்டால்தான் கிடைக்கும்

இந்த வாக்கியத்தைச் சுவரில் எழுதி வைக்கலாம். அரசுத் திட்டங்கள், நிதிகள் பெரும்பாலானவை ஏற்கனவே செலவழித்த பணத்தைத் திருப்பித் தருவதில்லை. கையிலிருந்து கட்டிவிட்டு அப்புறம் விண்ணப்பிக்கலாம் என்று இருந்தால் கைவிட்டுப் போகும்.

முதல் வாரத்திலேயே டாக்டரிடம் செலவு மதிப்பீட்டுக் கடிதம் கேளுங்கள். அதை எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரியின் சோஷியல் வொர்க் பிரிவுக்குப் போங்கள். வீட்டு நிலைமையை ஒளிக்காமல் சொல்லுங்கள். எந்த நிதிக்கு எந்தக் காகிதம் என்று அவர்களுக்குத்தான் அத்துபடி. "கை நீட்டுவதா" என்று மானம் பார்க்கிற பெரியவர்கள் நம்மில் அதிகம். அந்தப் பிரிவு இருப்பதே இதற்காகத்தான்.

மகாராஷ்டிர ரேஷன் கார்டு இருந்தால் மகாத்மா ஜோதிராவ் ஃபுலே ஜன ஆரோக்கிய யோஜனா என்ற மாநில அரசின் மருத்துவத் திட்டம். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை. 70 வயது தாண்டியவர்களுக்கு 2024 முதல் வருமானம் பார்க்காமல் இந்த அட்டை கிடைக்கிறது. ஊரில் எடுத்த முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை மட்டும் நம்பி ரயிலேற வேண்டாம். உங்கள் குடும்பம் ஆயுஷ்மான் பட்டியலில் இருக்கிறதா என்று 14555 எண்ணில் கேட்டு, இங்கே ஆஸ்பத்திரியில் ஆரோக்கியமித்ரா என்ற திட்ட உதவியாளர் இருக்கும் மேஜையிலும் உறுதி செய்துகொள்ளுங்கள். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி கடிதத்தோடு வர வேண்டும்.

இவை தவிரப் பிரதமரின் தேசிய நிவாரண நிதி உண்டு. விண்ணப்பம் ஏற்கப்பட்டால் பணம் ஆஸ்பத்திரிக்கே நேராகப் போகும். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மத்திய சுகாதார அமைச்சரின் கேன்சர் நோயாளர் நிதி. மும்பையில் 1951-இல் தொடங்கிய இந்தியன் கேன்சர் சொசைட்டி, 1969-இல் தொடங்கிய கேன்சர் பேஷன்ட்ஸ் எய்ட் அசோசியேஷன், பிரபாதேவி சித்திவிநாயகர் கோயில் டிரஸ்ட் என்று தனியாகவும் கதவுகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் தேவைப்படும் காகிதங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்: ஆதார், ரேஷன் கார்டு, வருமானச் சான்றிதழ், மதிப்பீட்டுக் கடிதம், பயாப்ஸி ரிப்போர்ட். ஒவ்வொன்றிலும் பத்து ஜெராக்ஸ் எடுத்து ஒரு பையில் வையுங்கள். வருமானச் சான்றிதழ் ஊரில் தாசில்தார் ஆபீசில் எடுக்க வேண்டியதென்றால், அங்கே இருக்கும் ஒருவரை இன்றைக்கே அலையச் சொல்லுங்கள்.

வட்டிக்கு வாங்குவதும் வீட்டை அடகு வைப்பதும் இத்தனை கதவையும் தட்டிய பிறகுதான்.

தங்குவது, போய் வருவது

ஊரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் தாராவியிலோ கோலிவாடாவிலோ சொந்தக்காரர் வீட்டில்தான் இறங்குவார்கள். ஒரு வாரத்துக்கு அது சரி. ஒரே அறையில் ஆறு பேர், பொதுக் கழிப்பறை, விடிகாலையில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் என்று இருக்கும் இடத்தில், கீமோவில் ரத்த அணு குறைந்திருக்கும் ஒருவர் மாதக்கணக்கில் இருப்பது அவருக்கும் கஷ்டம், வீட்டுக்காரருக்கும் கஷ்டம். உறவு முறிந்து பேச்சு நின்றுபோன குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். முதலிலேயே மாற்று இடத்துக்குப் பெயர் கொடுத்து வையுங்கள். தாதரில் காட்கே மகராஜ் தர்மசாலை, பரேலில் நானா பால்கர் ஸ்மிருதி சமிதி ஆகியவை வெளியூர் நோயாளிகளுக்காகவே இருப்பவை. நோயாளி குழந்தை என்றால் செயின்ட் ஜூட்ஸ் மையங்களில் பெற்றோரோடு இலவசமாகத் தங்கலாம். இவற்றுக்கு ஆஸ்பத்திரியின் கடிதமோ ஃபைல் எண்ணோ கேட்பார்கள். வரிசை இருக்கும். சோஷியல் வொர்க் பிரிவிலேயே விசாரியுங்கள்.

சயான், மாட்டுங்காவிலிருந்து ஸ்லோ லோக்கலில் ஏறினால் பரேல். மாஹிமிலிருந்து என்றால் பிரபாதேவி. கோலிவாடா, செம்பூரிலிருந்து ஹார்பர் லைனில் சிவ்ரி வந்து அங்கிருந்து டாக்ஸி. லோக்கலில் மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டியில் கேன்சர் நோயாளிகளும் ஏறலாம். ஆஸ்பத்திரி அட்டை கையில் இருக்கட்டும். கீமோ முடிந்து திரும்பும் மாலையில் மட்டும் ரயில் வேண்டாம், டாக்ஸியே பிடியுங்கள்.

நெடுந்தூர ரயிலில், சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் கேன்சர் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி. கூட வரும் ஒருவருக்கு அதே வகுப்புகளில் 75 சதவீதம். அதற்கான படிவத்தில் ஆஸ்பத்திரி சான்றிதழ் வாங்கி ரிசர்வேஷன் கவுன்ட்டரில் கொடுக்க வேண்டும்.

கீமோவும் கரண்டும்

நம் ஊரில் ரேடியேஷனைக் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். அதனால் ஷாக் அடிக்கும் என்றே பல பெரியவர்கள் நம்பிப் பயப்படுகிறார்கள். மின்சாரம் உடம்பைத் தொடுவதே இல்லை. எக்ஸ்ரே எடுப்பது போல மெஷினுக்கு அடியில் சில நிமிடம் அசையாமல் படுப்பதுதான், பொதுவாக வாரத்துக்கு ஐந்து நாள், சில வாரங்கள். வெளியிலிருந்து கொடுக்கும் அந்த ரேடியேஷன் முடிந்து வந்தவர் பேரக்குழந்தையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம். வாய், தொண்டைப் பகுதி என்றால் தொடங்கும் முன் பல் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். புகையிலை, மாவா, சிகரெட் இன்றோடு நிற்க வேண்டும். "வந்தது வந்தாச்சு, இனி விட்டு என்ன" என்பவர்களுக்கு: விட்டால் சிகிச்சை நன்றாக வேலை செய்யும், புண் சீக்கிரம் ஆறும்.

கீமோவில் ஒன்றை மட்டும் வீட்டில் எல்லாரும் மனப்பாடம் செய்ய வேண்டும். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால், ராத்திரி இரண்டு மணியானாலும் கேஷுவாலிட்டிக்குப் போக வேண்டும். பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது. கீமோ கொடுத்து ஏறக்குறைய ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் வெள்ளை அணு மிகவும் குறையும். அப்போது சாதாரணத் தொற்றுகூடச் சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகிவிடும். டாட்டா தூரம் என்றால் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய் முதல் வாக்கியமாக "கீமோ போய்க்கொண்டிருக்கிறது" என்று சொல்லுங்கள். இன்றே ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது போதாது.

சாப்பாட்டில் பெரிய பத்தியம் எதுவும் இல்லை. முட்டை, பருப்பு, பால், மீன் எது இறங்குகிறதோ அது. சுடச்சுடச் சமைத்ததாக இருக்கட்டும். வெளியில் வெட்டி வைத்த பழம், கரும்புச் சாறு, பானிபூரி வேண்டாம். "மாவுச்சத்தே கூடாது, பட்டினி போட்டால் கட்டி சாகும்" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி ஏற்கனவே இளைத்தவரைப் பட்டினி போடாதீர்கள். சித்த மருந்தோ கஷாயமோ கொடுக்க நினைத்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். சில மருந்துகள் கீமோவோடு சேர்ந்து கல்லீரலைப் பாதிக்கும்.

வலி இருந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். வலிக்கும் வாந்திக்கும் மனச்சோர்வுக்கும் பாலியேட்டிவ் கேர் என்று தனிப் பிரிவே உண்டு. கடைசி நேரத்தில் மட்டும் அங்கே போவது என்றில்லை, முதல் நாளிலிருந்தே போகலாம்.

பார்த்துக்கொள்கிறவருக்கு

ஒவ்வொரு வீட்டிலும் இந்தப் பாரம் ஒரே ஒரு ஆள் தலையில் விழும், பெரும்பாலும் மகள் அல்லது மருமகள். முதல் வாரத்திலேயே வேலையைப் பிரித்து எழுதுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக ஒருவர், காகிதம், பணத்துக்கு ஒருவர், சமையலுக்கு ஒருவர், உறவினர்களுக்குச் செய்தி சொல்ல ஒருவர். துபாயில் இருக்கும் தம்பிக்கும் வேலை கொடுக்கலாம். இன்ஷூரன்ஸ்காரரோடு போனில் மல்லுக்கட்ட அவர் போதும்.

ஹார்லிக்ஸோடு வந்து உட்கார்ந்து, "எங்க மச்சானுக்கும் இதேதான், ஆறு மாசத்துல போயிட்டாரு" என்று நோயாளி முன்னால் சொல்கிறவர்கள் வருவார்கள். "டாக்டர் ஆட்களைப் பார்க்க விடவேண்டாம்னு சொல்லியிருக்கார், தொற்று வந்துடும்" என்று வாசலிலேயே சொல்லி அனுப்புங்கள். அது உண்மையும்கூட. தட்டு, டம்ளரைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்கிற ஆளிடம் இது ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை என்று அழுத்திச் சொல்லுங்கள். போன ஜென்மப் பாவம், யார் கண் பட்டதோ என்கிற பேச்சு அந்த அறைக்குள் வரவே கூடாது. நோயாளி அதைத் தனக்குள் எத்தனை முறை சொல்லி அழுதிருப்பார் என்று வருகிறவருக்குத் தெரியாது.

நீங்களும் அழலாம். தூக்கம் வராமல் போனால், எதிலும் பிடிப்பில்லாமல் போனால் 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநலச் சேவை அது, தமிழிலும் பேசலாம். வாரத்தில் ஒரு வேளையாவது வேறொருவர் பொறுப்பேற்க, நீங்கள் மாட்டுங்கா பக்கம் போய் ஒரு காபி குடித்துவிட்டு, முருங்கைக்கீரை வாங்கிக்கொண்டு திரும்புங்கள்.

ஊர் திரும்பும்போது

சிகிச்சை ஒரு கட்டம் முடிந்து கிளம்பும் முன், சுருக்கக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். எந்த மருந்து, எத்தனை முறை, எவ்வளவு ரேடியேஷன் என்ற விவரம் அதில் இருக்க வேண்டும். பிளாக்கைத் திருப்பி வாங்க முடியுமா என்று கேளுங்கள். ஊர்ப் பக்கம் எந்த டாக்டரைப் பார்ப்பது, எந்த அறிகுறி வந்தால் தேதிக்குக் காத்திராமல் உடனே வர வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். முதல் இரண்டு வருடம் செக்கப் அடிக்கடி இருக்கும், பல கேன்சர்களில் மூன்று நாலு மாதத்துக்கு ஒரு முறை. உடம்பு நன்றாகிவிட்டது என்று அதைத் தவறவிடாதீர்கள். அடுத்த தேதியோடு ரயில் சலுகைச் சான்றிதழையும் அன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. அந்த நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு, ஊரில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் இன்றே சொல்லி வையுங்கள்.